பைபிள் அனிமேஷன் படங்கள்: பிள்ளைகளுக்கு எதை, எந்த வயதில் காட்டலாம்?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 5 வயது, மகன் தொடக்கநிலை 3. ஜூன் விடுமுறையில் பைபிள் கதைகளை அனிமேஷன் படமாகக் காட்டலாம் என்று இருக்கிறேன். எவை நல்ல படங்கள்? அவற்றில் வருவதெல்லாம் வேதத்தில் உள்ளதுதானா? தமிழில் ஏதாவது கிடைக்குமா? படம் காட்டிப் பழக்கினால் பிள்ளைகள் வேதத்தைத் திறக்கவே மாட்டார்கள் என்கிறார் என் மாமியார். அவர் சொல்வது சரிதானா?"

சகோதரி, தாராளமாகக் காட்டுங்கள். இங்கே ஒரு தமிழ்ச் சபையில் 20 வருடத்துக்கும் மேலாக ஞாயிறு பள்ளி எடுத்துவருகிறேன். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், சிலவற்றைப் பத்து முறைக்கு மேல். உங்கள் மாமியாரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. படத்தைப் போட்டுவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விட்டால் அவர் சொன்னதுதான் நடக்கும். அதனால் என் பதில் முழுவதும் ஒரே ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான் வரும்: படம் பார்த்த அன்றோ மறுநாளோ, அந்தக் கதை வருகிற அதிகாரத்தைத் தமிழில் சேர்ந்து வாசியுங்கள். படம் எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

இது எப்படி நடக்கும் என்பதற்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு டிசம்பரில் 2017-ல் வந்த 'தி ஸ்டார்' படத்தைப் பார்த்தோம். கிறிஸ்து பிறப்பை ஒரு கழுதைக்குட்டியின் கண் வழியே சொல்லும் சோனி அனிமேஷன் படம் அது. முடிந்ததும், "குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். "மூன்று!" என்று எல்லோரும் கத்தினார்கள். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். 8 வயதுப் பெண்ணொருத்தி ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். 12-ஆம் வசனம் வந்ததும் திரும்பவும் மேலே போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, "டீச்சர், நம்பரே இல்லையே" என்றாள். உண்மைதான். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. வந்தவர்கள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. அதோடு பையன் ஒருவன், "அவங்க வீட்டுக்குள்ள போனாங்கன்னு போட்டிருக்கு, மாட்டுக்கொட்டகை இல்லையா?" என்று கேட்டான். அங்கிருந்து லூக்கா 2-க்குப் போனோம், குழந்தையைக் கிடத்திய முன்னணையைத் தேட. போகிற வழியில் கழுதையையும் தேடினோம். இரண்டு சுவிசேஷத்திலும் கழுதை இல்லை! படத்தின் கதாநாயகனே வேதத்தில் இல்லை என்று தெரிந்தபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று 40 நிமிடம் யாரும் சொல்லாமலேயே வாசித்தார்கள். 'நீ வாசி' என்று சொல்லி என்னால் ஒருநாளும் அப்படி வாசிக்கவைக்க முடிந்ததில்லை.

'தி ஸ்டார்' உங்கள் மகளுக்குச் சரியாக இருக்கும். ஏரோதின் ஆள் வேட்டைநாய்களோடு துரத்தும் இடங்கள் மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கலாம். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. மிருகங்களின் சாகசம் அதிகமாகி, மரியாளும் யோசேப்பும் பின்னால் போய்விடுகிறார்கள். அதனால்தான் லூக்கா 2-ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

சரி, பெரிய படத்துக்கு வருவோம். இந்த வகையில் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் 1998-ல் ட்ரீம்வொர்க்ஸ் வெளியிட்ட 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தைத்தான் சொல்வேன். கையால் வரைந்த ஓவியமும் கணினி வேலையும் கலந்து செய்தது. பிரெண்டா சாப்மன், ஸ்டீவ் ஹிக்னர், சைமன் வெல்ஸ் என்று மூன்று இயக்குநர்கள். பின்னணி இசை ஹான்ஸ் ஜிம்மர், பாடல்கள் ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ். சிறந்த பாடலுக்கான ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் அதன் அருமை விருதில் இல்லை. தொடக்கத்தில் தாய் யோகெபேத் குழந்தையை நாணற்பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிறாள். அந்தப் பெட்டி முதலைக்கும் நீர்யானைக்கும் படகுத் துடுப்புகளுக்கும் நடுவே தத்தளித்துப் போவதைப் பார்க்கும்போது, யாத்திராகமத்தில் இரண்டு மூன்று வசனங்களில் முடிந்துவிடும் ஒரு தாயின் பதற்றம் நம் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. இன்னொரு காட்சியில் எகிப்தியச் சுவர் ஓவியங்களே உயிர்பெற்று ஓடி, பார்வோன் எபிரெயக் குழந்தைகளைக் கொன்றதை மோசேக்குக் காட்டிக்கொடுக்கும். வார்த்தையே இல்லாமல் ஒரு மனிதன் தன் உண்மையைத் தெரிந்துகொள்ளும் காட்சி அது. செங்கடல் பிளந்து, சுவர்போல நிற்கும் தண்ணீருக்குள் மின்னல் வெளிச்சத்தில் ஒரு பெரிய உருவம் நீந்திப் போகும்போது எங்கள் வகுப்பில் எப்போதும் யாராவது எழுந்து நின்றுவிடுவார்கள்.

இந்தப் படத்தில்தான் ஒப்பிட்டுப் பார்க்கவும் நிறைய இருக்கிறது. படத்தில் குழந்தையை எடுப்பது பார்வோனின் மனைவி, வேதத்தில் அவன் மகள். படத்தில் ராமசேஸும் மோசேயும் அண்ணன் தம்பியாக வளர்கிறார்கள். வேதம் அந்தப் பார்வோனின் பெயரையே சொல்வதில்லை. பார்வோன் முன்னால் போய் நின்றபோது மோசேக்கு 80 வயது, ஆரோனுக்கு 83 என்று யாத்திராகமம் 7:7 சொல்கிறது. படத்தில் இருவரும் வாலிபம் மாறாதவர்கள். எகிப்தியனைக் கொன்ற இடம் இன்னும் முக்கியமானது. படத்தில் மோசே அவனைத் தள்ளிவிட, மேலேயிருந்து விழுந்து செத்துப்போகிறான், கிட்டத்தட்ட ஒரு விபத்து. வேதத்திலோ மோசே அங்கும் இங்கும் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, கொன்று, மணலில் புதைக்கிறார். உங்கள் மகனிடம் கேளுங்கள், ஏன் படத்தில் மாற்றினார்கள் என்று. எங்கள் வகுப்பில் ஒரு பையன், "ஹீரோ கெட்டவனா தெரியக்கூடாதுன்னு" என்றான். வேதம் தன் மனிதர்களின் தவறை மறைப்பதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தப் படத்தின்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அது மோசேயின் நாவைப் பற்றியது. "நான் வாக்குவல்லவன் அல்ல; நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று யாத்திராகமம் 4:10-ல் மோசே கெஞ்சுகிறார். அதனால்தான் ஆரோன் அவருக்காகப் பேச வருகிறார். படம் இதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டது. அதில் மோசே தெளிவாகப் பேசுகிறார், ஆரோன் நம்பிக்கையில்லாத ஒரு துணைப் பாத்திரமாக ஓரத்தில் நிற்கிறார். ஒரு வருடம் எங்கள் வகுப்பில் 10 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வீட்டில் ஆங்கிலம்தான், தமிழ் வாசிக்கச் சொன்னால் காது சிவந்துவிடும். அந்த வசனம் அவன் முறையில் வந்தது. "வாக்... வாக்கு... வல்ல..." என்று எழுத்துக்கூட்டித் திக்கித் திக்கி வாசித்தான். முடித்ததும் பக்கத்துப் பையன், "மோசேயும் இப்படித்தான் பேசியிருப்பார்" என்றான், கேலியாக இல்லை, உண்மையிலேயே கண்டுபிடித்தவன்போல. அந்தப் பையன் அடுத்த வாரம் தானாகவே கைதூக்கி வாசிக்க வந்தான். அந்த வசனம் படத்தில் இருந்திருந்தால் நாங்கள் ஒருவேளை அதை வாசிக்காமலேயே போயிருப்போம்.

ஆனால் உங்கள் மகளுக்கு இந்தப் படத்தை இப்போது காட்டாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஜூன் விடுமுறை முகாமில் எல்லா வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் போட்டுவிட்டேன். தலைப்பிள்ளைகள் சாகும் இரவு வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுவன் வாசலுக்குள் போகிறான், ஒரு மூச்சுச் சத்தம், அப்புறம் குடம் விழுகிறது, அவன் கை மட்டும் தெரிகிறது. ரத்தமே இல்லை. ஆனாலும் 6 வயதுக் குழந்தை ஒன்று தேம்பித் தேம்பி அழுதது. அதுவும் வீட்டில் மூத்த பிள்ளை. அவளுடைய அம்மா என்னிடம் கோபப்பட்டதில் ஒரு தவறும் இல்லை. அதற்குப் பிறகு 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் படத்தைப் போடுவதில்லை. உங்கள் மகனோடு பார்க்கும்போதும் பக்கத்திலேயே இருங்கள். அந்தக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு, அவன் என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அது பெரியவர்களுக்கே கடினமான அதிகாரம்.

அதே நிறுவனம் 2000-ல் 'ஜோசஃப்: கிங் ஆஃப் ட்ரீம்ஸ்' என்று இன்னொன்றைச் செய்தது. தியேட்டருக்கு வராமல் நேரே வீடியோவாக வந்தது, ஒன்றேகால் மணி நேரம்தான். ஓவியத் தரத்தில் முந்தைய படத்துக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால் கனவுக் காட்சிகளை மட்டும் வான்கோவின் ஓவியம் அசைவதுபோலத் தீட்டியிருக்கிறார்கள், அவை மனதில் நிற்கும். குடும்பத்தோடு பார்ப்பதற்கு இதுவே என் முதல் தேர்வு. காரணம், இது அண்ணன் தம்பிச் சண்டை. ஒரு பிள்ளைக்கு மட்டும் பலவருணமான அங்கி கொடுத்த அப்பா, பொறாமைப்பட்ட அண்ணன்கள். இதெல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாத விஷயம். போத்திபாரின் மனைவி வரும் இடத்தைப் பிள்ளைகள் பார்க்கக்கூடிய அளவில் சுருக்கியிருக்கிறார்கள். சிறையில் யோசேப்பு ஒரு சிறு செடியைப் பேணி வளர்ப்பதாகக் காட்டுவது படத்தின் சொந்தக் கற்பனை, நல்ல கற்பனை. ஆனால் ஒன்று படத்தில் அவ்வளவாகப் புரியாது: காலம். ஆதியாகமம் 37:2-ல் யோசேப்புக்கு 17 வயது, பார்வோன் முன்னால் நிற்கும்போது 41:46-ல் 30 வயது. இரண்டு எண்ணையும் பிள்ளைகளையே தேடச் சொல்லிக் கழிக்கச் சொல்லுங்கள். 13 வருடம். "என் வயதைவிட அதிகம்" என்று உங்கள் மகன் சொல்லும்போது காத்திருப்பு என்றால் என்ன என்று அவனுக்குப் புரிந்திருக்கும்.

இயேசுவின் கதைக்கு இரண்டு படங்கள். ஒன்று 2000-ல் வந்த 'தி மிரக்கிள் மேக்கர்'. வேல்ஸிலும் ரஷ்யாவிலும் இருந்த கலைஞர்கள் சேர்ந்து செய்தது. பொம்மைகளை ஒவ்வொரு அசைவாக நகர்த்திப் படம்பிடித்திருக்கிறார்கள். இயேசு உவமை சொல்லும்போதும், மனதுக்குள் நடப்பதைக் காட்டும்போதும் பொம்மையிலிருந்து கையால் வரைந்த ஓவியத்துக்கு மாறிவிடும். நடந்தது எது, சொல்லப்பட்ட கதை எது என்று சிறு பிள்ளைக்கும் அதனால் பிரித்தறிய முடிகிறது. இதைவிடப் புத்திசாலித்தனமான உத்தியை இந்த வகைப் படங்களில் நான் பார்த்ததில்லை. இயேசுவுக்குக் குரல் கொடுத்தவர் ரால்ஃப் ஃபைன்ஸ், 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்'டில் ராமசேஸாகப் பேசிய அதே நடிகர்.

இந்தப் படம் இயேசு உயிரோடு எழுப்பிய யவீருவின் மகளை நடுவில் வைத்துக் கதையைச் சொல்கிறது. அவளுக்குத் தாமார் என்று பெயரும் வைத்திருக்கிறது. மாற்கு 5-ல் அவளுக்குப் பெயர் கிடையாது. அந்த அதிகாரத்தைக் கட்டாயம் வாசியுங்கள். போகிற வழியில் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட பெண் 12 வருடமாக நோயில் இருந்தவள் என்று மாற்கு எழுதுகிறார். கடைசியில் யவீருவின் மகளுக்கு 12 வயது என்றும் எழுதுகிறார். அதாவது இந்தக் குழந்தை பிறந்து வளர்ந்த காலம் முழுவதும் அந்தப் பெண் நோயோடு இருந்திருக்கிறாள். பென்சிலைக் கொடுத்து, இரண்டு 12-ஐயும் வட்டமிடச் சொல்லுங்கள். அப்புறம் "தலீத்தாகூமி" என்ற சொல்லைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும், 'சிறுபெண்ணே எழுந்திரு' என்ற பொருளில் இயேசு பேசிய அரமேயச் சொல் அப்படியே தமிழ் வேதத்திலும் இருக்கிறது. அவள் எழுந்ததும், சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார் இயேசு. எங்கள் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குப் பிடித்த வசனம் அதுதான். 9 வயதிலிருந்து இந்தப் படத்தைக் காட்டலாம். சிலுவைக் காட்சியை அடக்கமாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனாலும் கனமானது.

மற்றது 2025-ல் வந்த 'தி கிங் ஆஃப் கிங்ஸ்'. கொரியாவின் மோஃபாக் ஸ்டுடியோவில் செய்தது, இயக்கியவர் ஜாங் சியோங்-ஹோ. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் மகன் வால்டருக்கு இயேசுவின் கதையைச் சொல்வதாகப் படம் போகிறது. ஆர்தர் மன்னர் கதையில் மூழ்கிக்கிடக்கும் அந்தச் சிறுவன் கொஞ்சம் கொஞ்சமாக இந்தக் கதைக்குள் நுழைகிறான். இது சும்மா வந்த கற்பனை இல்லை. டிக்கன்ஸ் 1840-களில் தன் பிள்ளைகளுக்காகவே இயேசுவின் வாழ்க்கையை எளிய நடையில் எழுதிவைத்து வீட்டில் வாசித்துக்காட்டினார், அச்சிட மட்டும் சம்மதிக்கவில்லை. அவருடைய பிள்ளைகளில் கடைசியாக உயிரோடு இருந்தவரும் காலமான பிறகு 1934-ல்தான் அது புத்தகமாக வந்தது. நிஜ வால்டர் 16 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்குப் போனார், 1863-ன் கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்தார். படத்தில் இந்தச் செய்தி இல்லை, ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தபோது அப்பாவும் மகனும் பேசும் இடங்களை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. படம் என்ற முறையில் கொஞ்சம் வேகம் அதிகம், அற்புதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவிடும். உங்கள் மகன் வயதுக்கு நன்றாகவே பிடிக்கும்.

இனி சின்னவளுக்கு என்ன காட்டலாம் என்று பார்ப்போம். 1993-ல் தொடங்கிய 'வெஜிடேல்ஸ்' தொடரில் தக்காளியும் வெள்ளரிக்காயும் கதை சொல்லும். கணினி அனிமேஷன் ஆரம்பக் கட்டத்தில் இருந்த காலம். கை, கால், முடி, துணி எதுவும் அசைக்கத் தேவையில்லாத உருவம் வேண்டும் என்றுதான் காய்கறியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் முதல் திரையரங்குப் படம் 2002-ல் வந்த 'ஜோனா'. பாட்டும் ஆட்டமும் அதிகம் என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏனென்றால் பிள்ளைகளுக்கான யோனா கதை பெரும்பாலும் மீன் அவனைக் கக்கியதோடு முடிந்துவிடும். இந்தப் படமோ 4-ஆம் அதிகாரம்வரை போகிறது. நினிவே மனம் திரும்பிவிட்டதே என்று யோனா கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அப்படியே காட்டி, முடிவு சொல்லாமல் விடுகிறது. வேதத்திலும் அந்தப் புத்தகம் ஒரு கேள்வியோடுதான் முடிகிறது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000-க்கும் அதிகமான மனுஷரும், அநேக மிருகஜீவன்களும் உள்ள நகரத்துக்காக நான் பரிதபிக்கக்கூடாதா என்று தேவன் கேட்கிறார். கடைசி வார்த்தையில் ஆடுமாடுகூட வந்துவிடுகிறது! 5 வயதுக் குழந்தைக்கு அது போதும், கதை அவளுக்குச் சொந்தமாகிவிடும். யோனாவுக்கு நிழல் தந்த செடியைத் தமிழ் வேதம் ஆமணக்கு என்று சொல்கிறது. உங்கள் மாமியார் ஊரில் ஆமணக்கைப் பார்த்திருப்பார். அது எப்படி இருக்கும், விளக்கெண்ணெய் எப்படி எடுப்பார்கள் என்று பேத்திக்கு அவர் சொல்லட்டும்.

தாவீதுக்கு, தென்னாப்பிரிக்காவின் சன்ரைஸ் ஸ்டுடியோ செய்த 'யங் டேவிட்' என்ற குறும்படங்கள் இருக்கின்றன. மொத்தம் ஐந்து, சின்னவள் உட்கார்ந்து பார்க்கும் நீளம்தான். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று 1 சாமுவேல் 17:4 சொல்கிறதே, அதை உங்கள் முழங்கையால் அளந்து வரவேற்பறைச் சுவரில் ஒட்டுநாடாவால் குறித்துப்பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூரையைத் தொட்டுவிடும்.

தமிழில் கிடைக்குமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன், இதுதான் எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி. நான் மேலே சொன்ன படங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பார்க்கப்போகிறீர்கள். நல்ல தமிழ்க் குரலோடு கிடைப்பதில் முதலில் சொல்ல வேண்டியது 'சூப்பர்புக்'. முதலில் 1981-ல் ஜப்பானின் தட்சுனோகோ நிறுவனம் செய்தது, 2011-லிருந்து புதிய கணினி அனிமேஷனாக வருகிறது. கிறிஸ், ஜாய் என்ற இரண்டு பிள்ளைகளும் கிஸ்மோ என்ற ரோபோவும் காலத்தில் பின்னோக்கிப் போய்க் கதைக்குள் இறங்குவார்கள். ஒவ்வொன்றும் அரை மணிக்கும் குறைவு. சாப்பாட்டுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே ஒன்றைப் பார்த்துவிடலாம். எல்லாப் பகுதியும் சின்னவர்களுக்கு ஏற்றதல்ல, முதலில் நீங்கள் ஒருமுறை பாருங்கள்.

தமிழ் ஏன் முக்கியம் என்கிறேன் என்றால், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் வசிப்பவர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு, பத்து வருடத்துக்கு முன்னால் அது 3.3. அந்தச் சரிவை எங்கள் வகுப்பில் பெயர்களில் பார்க்கிறேன். பிள்ளைக்கு 'மோசஸ்' தெரியும், 'ஜான் த பாப்டிஸ்ட்' தெரியும். பாட்டி 'மோசே' என்றும் 'யோவான்ஸ்நானன்' என்றும் சொன்னால் அது வேறு யாரோ என்று நினைக்கிறான். ஆராதனையில் தமிழ்ப் பிரசங்கம் நடக்கும்போது தனக்கு நன்றாகத் தெரிந்த மனிதர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அவனுக்குத் தெரிவதில்லை. படம் பார்க்கும்போது ஒரு தாளில் பெயர்களை இரண்டு வரிசையாக எழுதிப்பாருங்கள். ஜோனா யோனா, ஐசக் ஈசாக்கு, ஈவ் ஏவாள், ஃபாரோ பார்வோன். ஆங்கிலத்தில் ஜேக்கப், ஜேம்ஸ் என்று இரண்டு பெயர்களாக இருப்பவை தமிழில் இரண்டுமே யாக்கோபு என்பதைக் கண்டுபிடித்த நாளில் எங்கள் வகுப்பே ஆரவாரம் செய்தது. பழைய மொழிபெயர்ப்பின் நடை உங்கள் மகனுக்குக் கடினமாக இருந்தால் எளிய நடையில் உள்ள தமிழ் வேதாகமத்தை எடுங்கள். கத்தோலிக்க வீடு என்றால் திருவிவிலியத்தில் சாஸ்திரிகள் 'ஞானிகள்' ஆகியிருப்பார்கள், முன்னணை 'தீவனத் தொட்டி' ஆகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் சொல்வளம் தானாக வரும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2011-ல் வந்த 'மை லாஸ்ட் டே' ஒன்பதே நிமிட ஜப்பானிய பாணிப் படம், நன்றாக எடுத்தது. ஆனால் கசையடியையும் சிலுவையையும் உள்ளபடி காட்டும், உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். யூடியூபில் இயந்திரக் குரலோடு வரும், செயற்கை நுண்ணறிவால் அவசரமாகச் செய்த பைபிள் வீடியோக்களையும் தவிர்த்துவிடுங்கள். பெயர்களைத் தப்பாக உச்சரிக்கிறார்கள், வேதத்தில் இல்லாததை வேத வசனம்போலச் சொல்கிறார்கள். யார் செய்தது என்று தெரியாததைக் காட்டாதீர்கள். சபையிலோ அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலோ பலரைக் கூட்டிக் காட்டுவதாக இருந்தால் உங்கள் வீட்டுச் சந்தாக் கணக்கிலிருந்து போடக்கூடாது. அது வீட்டில் பார்க்க மட்டும் கொடுத்த உரிமை. உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. விடுமுறையில் உங்கள் மகனின் மலாய் நண்பன் வீட்டுக்கு வந்தால் என்ன போடுவது? மோசே அவர்களுக்கு நபி மூஸா, யோசேப்பு நபி யூசுஃப், தாவீது நபி தாவூது, இயேசு நபி ஈசா. நபிமார்களை உருவமாகக் காட்டுவதைப் பெரும்பாலான முஸ்லிம்கள் ஏற்பதில்லை. 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தையே மலேசியா அப்போது தடைசெய்தது. அதனால் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் முதலில் கேளுங்கள், கேட்க முடியாவிட்டால் வேறு படம் போடுங்கள். ஏன் வேறு படம் போட்டோம் என்று அப்புறம் உங்கள் மகனிடம் விளக்குங்கள். மோசேயை மதிப்பவர்கள் நாம் மட்டும் இல்லை என்பது அவனுக்கு நல்ல செய்தியாக இருக்கும். இந்துக்களான அத்தை மாமா பிள்ளைகள் வந்தாலும் அப்படியே, பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

எங்கே தொடங்குவது என்றால் யோசேப்பில் தொடங்குங்கள். சனிக்கிழமை சாயங்காலம் படம், ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு. ஆதியாகமம் 37-லிருந்து 45 வரை ஒரே நாளில் வேண்டாம், நாளுக்கு ஓர் அதிகாரம் போதும். 44-இல் யூதா தன் தம்பிக்காகக் கெஞ்சும் நீண்ட பேச்சு வரும், அதை உங்கள் மகன் வாசிக்கட்டும். 45-இல் யோசேப்பு அடக்கமாட்டாமல் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுச் சத்தமிட்டு அழுகிற இடம். அதை உங்கள் மாமியாரிடம் கொடுங்கள், அவர் குரலில் கேட்கட்டும்.